ஆய்வேட்டின் அங்க லட்சணம்

பல்கலைக்கழக வாயிலுக்கு எதிர்ச்சாரியில், தேநீர்க் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவே, பைண்டிங் கடை ஒன்று பெரும்பாலும் இருக்கும். பசையின் வாடையும், வெட்டி விழுந்த காகிதத் துணுக்குகளும், சுவரோரம் சாத்திய ரெக்சின் சுருள்களுமாக விளங்கும் அப்படிப்பட்ட கடை ஒன்றில், என் பழைய அகராதிக்குப் புதுக் கட்டடம் போடுவதற்காக ஒருநாள் மாலை நான் காத்துக்கொண்டிருந்தபோது, ஆராய்ச்சி மாணவி ஒருத்தி முந்நூறு பக்கத்துக்குக் குறையாத காகிதக் கட்டை நெஞ்சோடு அணைத்தபடி மூச்சு வாங்க உள்ளே வந்தாள். மறுநாள் அவள் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க வேண்டிய கடைசி நாள். கடைக்காரர் கட்டை வாங்கினார். தலைப்பைப் படிக்கவில்லை, பக்கத்தை எண்ணவில்லை. மேல்தாளின் இடது ஓரத்தில் கட்டைவிரலை வைத்து அளந்து பார்த்தார்.

"ஏம்மா, இடது பக்கம் எவ்வளவு மார்ஜின் விட்டிருக்கீங்க?"

"நாலு பக்கமும் ஒரு இஞ்சுதான் அண்ணே."

"அப்போ தச்சு முடிச்சா வரிக்கு முதல் எழுத்து முதுகுக்குள்ள போயிடும். படிக்கிறவரு புஸ்தகத்தை ஒடிச்சுப் பிடிச்சுத்தான் படிக்கணும். இடது பக்கம் மட்டும் ஒன்றரை விட்டிருக்கணும்மா."

அவள் முகம் வாடிற்று. மார்ஜினை மாற்றினால் வரி மாறும். வரி மாறினால் பக்கம் மாறும். பக்கம் மாறினால் பொருளடக்கம் முழுவதும் பொய்யாகும். இருந்தும் அவள் தர்க்கம் செய்யாமல் பக்கத்து டி.டி.பி. கடைக்கு ஓடினாள். அந்த அரை அங்குலத்தின் நியாயத்தை அவளுக்கு அதுவரையில் ஒருவரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதும், பட்டம் எதுவும் பெறாத அந்தக் கைத்தொழிலாளி, "படிக்கிறவரு" என்ற ஒரே சொல்லில் அதைச் சொல்லிவிட்டார் என்பதும் வீடு திரும்பும் வழியெல்லாம் என் மனத்தை விட்டு நீங்கவில்லை.

பக்கத்தில் இல்லாதவர்

ஆய்வேடு என்பது, அதுவரையில் நிறுவப்படாத ஒரு விஷயத்தைத் தக்க பிரமாணங்களோடு நிறுவி, பட்டம் வேண்டிப் பல்கலைக்கழகத்தின் முன் வைக்கும் நூல். நம் நாட்டில் இப்போது நடைமுறையில் உள்ள பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிகளின்படி, அதனை நெறியாளரோடு, அந்த நிறுவனத்தில் பணிபுரியாத புறத்தேர்வாளர் இருவரேனும் மதிப்பிட வேண்டும். புறத்தேர்வாளர் ஒருவர் காசியில் இருக்கலாம், கொழும்பில் இருக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் விளக்கடியில் அமர்ந்து அவர் ஏட்டைப் புரட்டும்போது, இந்தச் செய்தி எங்கிருந்து கிடைத்தது, இந்த எண்ணிக்கை யார் எடுத்தது, இந்த வார்த்தை ஆய்வாளருடையதா பிறருடையதா என்றெல்லாம் ஐயங்கள் எழும். கேட்பதற்கு ஆய்வாளர் பக்கத்தில் இல்லை. தேர்வாளராவது பின்னொருநாள் வாய்மொழித் தேர்வில் நேரில் கேட்டுக்கொள்வார். நாற்பது ஆண்டு கழித்து நூலகத்தில் அதே ஏட்டை எடுக்கும் வாசகனுக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

மாணவர்கள் தொல்லை என்று முணுமுணுக்கும் அமைப்பு விதிகள் யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறந்தவை என்பது என் அபிப்பிராயம். முகப்புத் தாள் முதல் துணைநூற்பட்டியல் வரையில் உள்ள ஒவ்வோர் அங்கமும், ஆய்வாளர் இல்லாத இடத்தில் அவர் சார்பில் பதில் சொல்லுவதற்கென்று அமர்த்தி வைத்த காரியஸ்தர்.

இந்த எண்ணம் மேனாட்டிலிருந்து வந்த புதுச் சரக்கு என்று நினைக்க வேண்டியதில்லை. நூல் ஒன்றின் வாயிலில் எவையெவை சொல்லப்பட வேண்டும் என்பதைப் பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில் கணக்கிட்டு வைத்திருக்கிறார். செய்தவர் யார், நூலின் பெயர் என்ன, எந்த முதனூலின் வழி வந்தது, எந்த நிலப்பரப்பில் வழங்குவது, எதைப் பற்றியது, யாருக்காகச் செய்யப்பட்டது, கற்பதால் வரும் பயன் என்ன என்று தொடரும் அந்த எட்டுச் செய்திகளோடு, இயற்றிய காலத்தையும் அரங்கேறிய களத்தையும் காரணத்தையும் கூட்டிப் பதினொன்றாகச் சொல்வாரும் உண்டு. அதைவிட நயமானது, அந்தச் சிறப்புப் பாயிரத்தை நூலாசிரியர் தாமே எழுதலாகாது என்ற கட்டளை. அவருடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணாக்கரோ, உரை எழுதியவரோதாம் அதைச் செய்ய வேண்டும். இன்றைய ஆய்வேட்டின் இரண்டாம் தாளில் நெறியாளர் கையெழுத்திட்டுத் தரும் சான்றிதழைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கட்டளை நினைவுக்கு வரும்.

முகப்பில் நிற்பவை

ஏட்டைத் திறந்தவுடன் காண்பது முகப்புத் தாள். தலைப்பு, எந்தப் பட்டத்துக்காக, ஆய்வாளர் பெயரும் பதிவெண்ணும், நெறியாளர் பெயர், துறை, பல்கலைக்கழகம், மாதம், ஆண்டு என்ற வரிசையில் அமையும் அந்தத் தாளில் அலங்காரத்துக்கு இடமில்லை. தலைப்பு, சமர்ப்பிக்கும் நாளில் மாணவர் மனத்துக்குத் தோன்றியதாக இராமல், பல்கலைக்கழகம் அனுமதித்த தலைப்போடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். "சங்க இலக்கியத்தில்" என்று பதிந்ததைச் "சங்க இலக்கியங்களில்" என்று மாற்றி அச்சிட்டுவிட்டு, அந்த இரண்டு எழுத்துக்காக அலுவலகத்துக்கும் துறைக்குமாகப் பல நாள் நடந்தவர்களை நான் அறிவேன்.

அடுத்து நெறியாளர் சான்றிதழும் ஆய்வாளர் உறுதிமொழியும் வரும். இந்த ஏடு தம் சொந்த உழைப்பு என்பதும், இதற்கு முன் வேறு எந்தப் பட்டத்துக்காகவும் கொடுக்கப்படாதது என்பதும் உறுதிமொழியின் சாரம். அதன்பின் நன்றியுரை. பெற்றோரில் தொடங்கி, நெறியாளர், நூலகர், கள ஆய்வில் திண்ணையில் இடம் கொடுத்த கிராமத்துப் பெரியவர், தட்டச்சு செய்தவர் என்று நீளும் இப்பகுதி ஒன்றில்தான் ஆய்வாளர் உணர்ச்சியோடு பேசச் சுதந்திரம் உண்டு. அதையும் இரண்டு பக்கத்துக்குள் முடித்துக்கொள்வது அழகு.

பொருளடக்கத்துக்குப் பின் அட்டவணைகள், படங்கள் ஆகியவற்றின் பட்டியலும், தமிழ் ஆய்வேடுகளில் இன்றியமையாத சுருக்கக் குறியீட்டு விளக்கமும் இடம்பெறும். "புறம்." என்றால் புறநானூறு, "குறுந்." என்றால் குறுந்தொகை, "தொல். பொருள்." என்றால் தொல்காப்பியப் பொருளதிகாரம் என்பது தமிழாசிரியருக்குத் தெரியும், சமூகவியல் படித்த வாசகருக்குத் தெரிய வேண்டிய நிர்ப்பந்தம் இல்லையே.

இந்த முன்பக்கங்களுக்குச் சிறிய ரோமானிய எண்களும், முதல் இயல் தொடங்கும் இடத்திலிருந்து 1, 2, 3 என்னும் எண்களும் இடுவது ஏன் என்று கேட்பவர் பலர். முன்னே நிற்பவை யாவும் கடைசியில் எழுதப்படுபவை; பொருளடக்கம் இரண்டு பக்கமா நான்கு பக்கமா என்பதும், நன்றியுரை எவ்வளவு நீளும் என்பதும் உடல் முழுதும் உருவான பிறகே தெரியவரும். முகப்பில் ஒரு தாள் கூடினாலும் குறைந்தாலும் உள்ளே உள்ள பக்க எண் ஒன்றும் அசையாதிருக்க வேண்டும் என்பதற்காக அச்சுத் தொழிலாளர் கண்ட இந்த ஏற்பாடு, இன்றைய கணினி யுகத்திலும் தன் பயனை இழக்கவில்லை.

தாளும் ஓரமும்

தாளின் அளவு ஏ4. அதாவது 210 மில்லிமீட்டர் அகலம், 297 மில்லிமீட்டர் நீளம். 1922 இல் ஜெர்மனியில் தரப்படுத்தப்பட்டுப் பின்னர் உலகத் தரமாக ஏற்கப்பட்ட இந்த வரிசையின் நுட்பம், தாளை நடுவே மடித்து இரண்டாக்கினாலும் நீள அகல விகிதம் மாறாமல் நிற்பதுதான். ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள முதல் தாளை நான்கு முறை அப்படிப் பாதியாக்கினால் கிடைப்பது ஏ4. ஆகையால் ஏட்டின் பக்கங்களைச் சுருக்கிப் படியெடுத்தாலும், பெரிதாக்கிப் படியெடுத்தாலும் ஓரம் கெடாமல் தாளுக்குள் அடங்கும். நம் அலுவலகங்களில் நெடுங்காலம் ஆட்சி செய்த ஃபுல்ஸ்கேப் தாளுக்கு இந்தக் குணம் கிடையாது.

இடது ஓரம் சுமார் ஒன்றரை அங்குலமும் மற்ற மூன்று பக்கமும் சுமார் ஓர் அங்குலமும் விடுவது பொதுவான வழக்கம். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் அளவு சற்றே வேறுபடுமாதலால், தத்தம் கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டு ஜாதகத்தைப் பார்த்துத் தம் வீட்டில் முகூர்த்தம் வைப்பது போல, வேறொரு பல்கலைக்கழகத்து நண்பரின் ஏட்டைப் பார்த்து அளவு வைப்பது ஆபத்து. இடது ஓரம் தையலுக்கு. வலது ஓரமோ சந்தேகப்படுபவரின் பென்சிலுக்கு. தேர்வாளர் அங்கேதான் கேள்விக்குறி போடுவார்.

வரிகளுக்கு இடையே ஒன்றரை அல்லது இரட்டை இடைவெளி விடுவதும் அந்தக் காரணம் பற்றியே. தட்டச்சுப் பொறியில் நான்கைந்து கார்பன் படிகளை ஒருசேர அடித்த நாளில், கடைசிப் படியில் எழுத்து ஆவிபோல் மங்கித் தெரியும். ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமானால் ஒவ்வொரு படியிலும் பேனாவால் வரிக்கு மேலே எழுத வேண்டும். அதற்கு இடம் வேண்டுமே! நீண்ட மேற்கோளை மட்டும் இருபுறமும் உள்ளடக்கி, ஒற்றை இடைவெளியில் அமைப்பது மரபு. அந்த இடத்தில் பேசுவது ஆய்வாளர் குரல் அன்று என்பதைப் படிக்கும் முன்பே கண்ணுக்குத் தெரிவிக்கும் உபாயம் அது.

உடல்

முன்னுரையில் ஆய்வின் நோக்கம், கருதுகோள், எல்லை, முன்னோர் செய்தவை, அணுகுமுறை, இயல்களின் பகுப்பு ஆகியவற்றைச் சொல்லி, நடு இயல்களில் ஆதாரங்களை வரிசைப்படுத்தி ஆராய்ந்து, முடிவுரையில் கண்ட முடிவுகளைத் தொகுத்து, மேலும் செய்யத்தக்க ஆய்வுகளைச் சுட்டி நிறுத்துவது எல்லோரும் அறிந்த முறை. அறிந்தும் வழுவும் இடங்கள் உண்டு. நன்னூலார் எண்ணிவைத்த பத்துக் குற்றங்களில், சொன்னதையே சொல்லுவதும், எடுத்த பொருளை விட்டு வேறொன்றை விரிப்பதும், போகப் போகத் தேய்ந்து முடிவதும் ஆய்வேட்டுக்கென்றே வகுத்தவை போலத் தோன்றும். முதல் இயலில் தலபுராணமும் ஊர் வரலாறும் எண்பது பக்கம். ஆய்வின் உயிர்நிலையான நான்காம் இயல் பதினெட்டே பக்கம். காலம் நெருங்க நெருங்க இயல்கள் மெலிந்துகொண்டே போவதைப் பொருளடக்கத்தின் பக்க எண்களே காட்டிக் கொடுத்துவிடும். அநுபவமுள்ள தேர்வாளர் முதலில் பார்ப்பது அந்தத் தாளைத்தான்.

அட்டவணையின் தலைப்பு மேலேயும், படத்தின் விளக்கம் கீழேயும் அமைவது பரவலான வழக்கம். அட்டவணையை மேலிருந்து கீழே படிக்கிறோம், படத்தையோ முதலில் பார்த்துவிட்டுப் பிறகுதான் விளக்கம் தேடுகிறோம். மூன்றாம் இயலின் இரண்டாம் அட்டவணை 3.2 என்று எண் பெறும். எழுத்தில் ஓரிடத்திலும் பேசப்படாத அட்டவணைக்கு ஏட்டில் இடமில்லை.

குறிப்பும் பட்டியலும்

இனி, ஏட்டின் நாணயம் முழுவதும் தங்கியிருக்கும் பகுதிக்கு வருவோம். சான்று காட்டும் முறையில் துறைக்கொரு வழக்கம் உண்டு. விஞ்ஞானத் துறைகளில் பகர அடைப்புக்குள் எண் இடுவார்கள்; சமூக விஞ்ஞானங்களில் ஆசிரியர் பெயரையும் ஆண்டையும் வரியிலேயே சேர்ப்பார்கள்; தமிழ்த் துறைகளிலோ பக்கத்தின் அடியில் அடிக்குறிப்பு, அல்லது இயலின் முடிவில் சான்றெண் விளக்கம். எதை மேற்கொண்டாலும் முதல் பக்கத்திலிருந்து இறுதி வரை ஒன்றையே மேற்கொள்ள வேண்டும்.

இந்த விஷயத்தில் உலகமெங்கும் மேற்கோள் காட்டப்படும் ஓர் அதிகாரி, பேராசிரியர் அல்லர். அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1930 முதல் 1958 வரை ஆய்வேடுகளைச் சரிபார்க்கும் செயலராக இருந்த கேட் டுராபியன் என்னும் அம்மையார், தாம் பட்டம் எதுவும் பெறாதவர். அந்தப் பல்கலைக்கழகத்து ஆய்வேடுகள் அவருடைய மேஜையைக் கடந்துதான் ஏற்கப்பட வேண்டும். ஒரே பிழையை ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எடுத்துச் சொல்வதற்கு மாறாக, 1937 இல் அவர் மாணவர்களுக்கென ஒரு சிறு கையேட்டைத் தயாரித்தார். அது திருத்தமும் விரிவும் பெற்று இன்றும் அச்சாகி வருகிறது. அதைக் கையில் எடுக்கும்போது, என் ஊர்ப் பைண்டிங்காரரின் கட்டைவிரல் என் கண்முன் தோன்றும்; இருவரும் படிக்கிறவர் பக்கத்தில் நின்று ஏட்டைப் பார்த்தவர்கள்.

ஆயினும் மேனாட்டுக் கையேடுகளை அப்படியே தமிழுக்கு மாற்றினால் சில சங்கடங்கள் நேரும். அவற்றின் முதல் விதி, குடும்பப் பெயரை முன்னே போடு என்பது. நமக்கோ குடும்பப் பெயர் என்பது பெரும்பாலும் கிடையாது. மு. வரதராசன் என்பதில் "மு." தந்தையாகிய முனுசாமியைக் குறிக்கும். துணைநூற்பட்டியலில் "வரதராசன், மு." என்று எழுதுவது அகரவரிசையின் பொருட்டேயன்றி, வரதராசன் என்பது குலப்பெயர் என்பதால் அன்று. இதை அறியாமல், படிவங்களில் குடும்பப் பெயர் கேட்கும் கட்டத்தில் தந்தையின் பெயரை நிரப்பிவிடும் இளைஞர், பிற்காலத்தில் பட்டியல்களில் தம் கட்டுரைக்குத் தம் தந்தையார் ஆசிரியராகி விட்டதைக் கண்டு திகைப்பார்.

இரண்டாவது சங்கடம் பதிப்பு. உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை முதன்முதலில் பதிப்பித்தது 1887 இல். புறநானூற்றைப் பதிப்பித்தது 1894 இல். பின்வந்த பதிப்புகளில் அவரே திருத்தியவையும் கூட்டியவையும் உண்டு. ஆதலால் ஆண்டும் பதிப்பும் இல்லாமல் "புறநானூறு, ப. 312" என்று எழுதிய குறிப்பு, வீட்டு எண் மட்டும் எழுதித் தெருவின் பெயரை விட்ட தபால் போல எங்கும் போய்ச் சேராது. பாட்டெண்ணும் அடியெண்ணும் தந்துவிட்டால் எந்தப் பதிப்பிலும் இடத்தைக் கண்டுகொள்ளலாம். உரையையோ முன்னுரையையோ எடுத்தாளும்போது பதிப்பைக் குறிக்காமல் தப்ப வழியில்லை.

மூன்றாவது, "மேலது" என்ற சிறு சொல். முன் குறிப்பில் சொன்ன நூலையே மறுபடி சுட்டும்போது நூற்பெயரைத் திரும்ப எழுதாமல் "மேலது, ப. 23" என்போம். தட்டச்சு நாளில் இது பெரிய சகாயம். கணினியில் எழுதுகிறவர் கடைசி வாரத்தில் ஒரு பத்தியை வெட்டி வேறிடத்தில் ஒட்டும்போதோ, நடுவே புதுக் குறிப்பு ஒன்றைச் செருகும்போதோ, எண்களை எந்திரம் தானே மாற்றிக்கொள்கிறது. "மேலது" மட்டும் இடம் பெயராமல் நின்று, தனக்கு மேலே புதிதாக வந்து அமர்ந்த அந்நிய நூலைச் சுட்டத் தொடங்கிவிடுகிறது. ஆகவே எல்லாத் திருத்தமும் முடியும் வரை முழுப் பெயரையே எழுதிவைத்து, இறுதியில் "மேலது" ஆக்குவது விவேகம்.

இதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் என்னுடைய வாய்மொழித் தேர்வில், வயது முதிர்ந்த புறத்தேர்வாளர் என் ஏட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, மிகச் சாந்தமாக, "தம்பி, இந்த நூலின் நாற்பத்தேழாம் பக்கத்தில் நீர் சொல்லும் செய்தி இல்லையே?" என்று கேட்டார். அவர் நூலகத்துக்குப் போய் எடுத்துப் பார்த்திருக்கிறார்! செய்தி இருந்தது எழுபத்து நான்காம் பக்கத்தில். என் அட்டைக் குறிப்பிலிருந்து தட்டச்சுக்குப் போகும் வழியில் இரண்டு இலக்கங்களும் இடம் மாறிவிட்டன. காரணம் சொன்னேன், அவரும் ஏற்றுக்கொண்டார். ஆனால் அதன்பின் அவர் புரட்டிய ஒவ்வொரு பக்கத்திலும் என் மற்றக் குறிப்புகளைச் சந்தேகக் கண்ணோடு பார்த்ததை நான் உணர்ந்தேன். அரைப் படி அரிசியில் ஒரு கல் கடிபட்டால், பிறகு ஒவ்வொரு கவளத்தையும் அஞ்சித்தானே மெல்லுகிறோம்?

எழுத்தின் கதை

தமிழில் ஆய்வேடு எழுதுவோர்க்கு மட்டும் உரிய தொல்லை ஒன்று உண்டு, அது எழுத்தே. தமிழ் இலக்கியத்தைப் பற்றிய ஆய்வும் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1948 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்ற மு. வரதராசன், சங்க இலக்கியத்தில் இயற்கையைப் பற்றிய தம் ஆராய்ச்சியை ஆங்கிலத்தில்தான் எழுதினார். பின்னர்த் தமிழிலேயே எழுதும் உரிமை வந்தது. தமிழ்த் தட்டச்சுப் பொறி துணை செய்தது. 1978 இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபின், துதிக்கை உயர்த்திய பழைய "லை", "னை" முதலிய வடிவங்கள் மறைந்து இன்றைய வடிவங்கள் நிலைபெற்றன.

அதன்பின் கணினி வந்தது. தொடக்கக் காலத் தமிழ் எழுத்துருக்கள், ஆங்கில எழுத்தின் இருக்கையில் தமிழ் எழுத்தின் படத்தை உட்கார வைத்தவை. பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்று அடித்த கோப்பை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் மட்டுமே கண்ணில் படும். துணைநூற்பட்டியலை அகரவரிசையாக்கு என்று எந்திரத்துக்கு ஆணையிட்டாலோ வேடிக்கை இன்னும் பெரிது. பாமினியில் "ய" என்னும் எழுத்து ஆங்கில முதலெழுத்தின் விசையில் அமர்ந்திருப்பதால், யகரத்தில் தொடங்கும் ஆசிரியர்கள் பட்டியலின் தலைமாட்டுக்கு வந்துவிட, அகரத்தார் நடுவில் எங்கோ பதுங்கிக் கிடப்பார்கள். பல இரவுகளைக் கையால் வரிசைப்படுத்தியே கழித்த மாணவர்களின் சாபம் அந்த எழுத்துருக்களுக்கு உண்டு.

யூனிகோடு முறையில் தமிழ் எழுத்துகளுக்கென்று தனி இடம் ஒதுக்கப்பட்டிருப்பதால், எந்தக் கணினியிலும் தமிழ் தமிழாகவே திறக்கும், தேடினால் அகப்படும். இதன் அவசியம் இன்று பன்மடங்கு பெருகியிருக்கிறது. ஆய்வேடுகளைக் காகிதத்தோடு மின்பிரதியாகவும் சேர்க்க வேண்டும் என்பதை மானியக் குழு 2009 முதற்கொண்டே வலியுறுத்தி வருகிறது. இப்போதைய விதியின்படி, பட்டம் அறிவிக்கப்படும் முன்பே மின்பிரதி காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அம்மையத்தின் "சோத்கங்கா" என்னும் களஞ்சியத்தில் உலகின் எந்த மூலையிலிருந்தும் அதை எடுத்துப் படிக்கலாம். பழைய எழுத்துருவில் செய்த ஏடும் அங்கே கண்ணுக்குத் தமிழாகவே தெரியக்கூடும். ஆனால் தேடுபவர் "குறிஞ்சி" என்று அடித்தால் அந்த ஏடு வாய் திறவாது. ஆளும் இல்லை, காரியஸ்தரும் ஊமை என்ற நிலை அது.

கையில் கொடுக்கும் முன்

ஸ்பைரல் பைண்டிங் செய்த நகல் ஒன்றை வைத்துக்கொண்டு, ஆய்வுக் குழுவின் முன் முடிவுகளை எடுத்துரைத்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்த பிறகே ஏடு சமர்ப்பணத்துக்குப் பக்குவமாகிறது. பிறர் எழுத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள் சோதனையும் உண்டு. இதற்கான மானியக் குழுவின் 2018 ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை. 10 க்கு மேல் 40 வரை இருந்தால் ஆறு மாதத்துக்கு மேற்படாத தவணைக்குள் திருத்தித் தர வேண்டும். 40 க்கு மேல் 60 வரை இருந்தால் ஓராண்டு காலம் திருத்திய ஏட்டையும் சமர்ப்பிக்க இயலாது. 60 ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். சான்றோடு முறைப்படி காட்டிய மேற்கோளும், துணைநூற்பட்டியலும், பொருளடக்கமும், நன்றியுரையும் இந்தக் கணக்கில் சேரமாட்டா. மேற்கோள் குறி ஒன்றை இட மறந்தவருக்கும் திட்டமிட்டுத் திருடியவருக்கும் உள்ள பேதம் எந்திரத்துக்குத் தெரியாது. அந்தச் சிறு குறிதான் அங்கே சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

எல்லாம் முடிந்த பின், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் மூன்று தினங்களை மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள் என்று இளைஞர்களுக்கு நான் சொல்லுவதுண்டு. முதல் நாள், பொருளடக்கத்தில் உள்ள ஒவ்வொரு தலைப்பையும் உள்ளே இருக்கும் தலைப்போடும் பக்க எண்ணோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். இரண்டாம் நாள், அடிக்குறிப்பில் வந்த ஒவ்வொரு நூலும் துணைநூற்பட்டியலில் உண்டா என்று பார்க்க வேண்டும். மூன்றாம் நாள், அந்த ஏட்டை ஒருபோதும் பாராத சிநேகிதர் ஒருவரிடம் கொடுத்து, நம் வாயை மூடிக்கொண்டு, அவர் எங்கே நின்று விழிக்கிறார் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். அதன்பின் ரெக்சின் அட்டையும் முதுகில் பொன்னெழுத்தும் கடைக்காரர் பொறுப்பு.

பைண்டிங் கடையில் பார்த்த மாணவி அன்றிரவு திரும்பி வந்தாளா, ஏடு உரிய காலத்தில் போய்ச் சேர்ந்ததா என்பது எனக்குத் தெரியாது. ஆனால் அந்த நிகழ்ச்சிக்குச் சில வாரங்களுக்குப் பின், நூலகம் ஒன்றில் ஒரு பழைய சஞ்சிகைக் கட்டுரையின் காலத்தைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் எழுந்து, தட்டச்சுக் காலத்து ஆய்வேடு ஒன்றை எடுத்தேன். கார்பன் படி; விளிம்புகள் பழுத்திருந்தன; கைபட்ட இடத்தில் தூள் உதிர்ந்தது. எழுதியவர் காலமாகிப் பல வருஷங்கள் ஆகின்றன என்று நூலகர் சொன்னார். நான் தேடிய செய்தி இருந்த வரியின் முடிவில் ஒரு சின்ன எண். பக்கத்தின் அடியில் அதே எண். அதற்கு நேரே சஞ்சிகையின் பெயர், தொகுதி, மாதம், பக்கம். நடுவே தட்டச்சுக்காரர் தவறாக அடித்த ஓர் இலக்கத்தை, மங்கிய மசியில், கையால் அடித்துத் திருத்தியிருந்தார் அந்த ஆய்வாளர். பழைய சஞ்சிகைகள் இருந்த அலமாரி இரண்டு வரிசை தள்ளி இருந்தது. போய் எடுத்துப் பிரித்தேன், அந்தப் பக்கத்தில் அந்த வரி இருந்தது. மூன்று மணிக்கு எனக்கு எழுந்த சந்தேகத்துக்கு, மூன்றேகால் மணிக்குள் அவர் பதில் சொல்லிவிட்டார்.